ஏழாம் நாள் யார் போய்ப் பார்த்தார்கள்?

பொதுக்காலம் 6-ஆம் ஞாயிறு, இரண்டாம் ஆண்டு. உலக நோயாளர் நாள். பெண்ணாடம், 11 பிப்ரவரி 2024.



இன்றைய முதல் வாசகம் மூன்று ஆண்டுக்கு ஒருமுறைதான் ஞாயிறு திருப்பலியில் வரும். இதற்கு முன் நாம் இதைக் கேட்டது 2021 பிப்ரவரி 14-ஆம் தேதி. அன்று பெஞ்சுக்கு இரண்டு மூன்று பேர், நடுவில் இடம் விட்டு, முகக்கவசம் போட்டு உட்கார்ந்திருந்தோம். தொழுநோயாளி தன் வாயை மூடிக்கொள்ள வேண்டும், தான் தீட்டுப்பட்டவன் என்று தானே கூவிச் சொல்ல வேண்டும், பாளையத்துக்கு வெளியே தனியாகக் குடியிருக்க வேண்டும் என்று லேவியர் நூல் சொன்னதை நாமும் வாயை மூடிக்கொண்டுதான் கேட்டோம். அன்று அந்த வாசகத்துக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

இன்று பெஞ்சுகள் நிறைந்திருக்கின்றன. போன மாதம் கோணான்குப்பம் பெரியநாயகி அன்னையின் தேருக்குப் போனவர்கள், தோளோடு தோள் இடித்துக்கொண்டுதான் நின்றிருப்பீர்கள். அந்த நெரிசலைக் கடவுள் நமக்குத் திருப்பிக் கொடுத்தார், நன்றி சொல்வோம். ஆனால் நாம் வேகமாக மறந்து வருகிறோம் என்பது எனக்குக் கவலையாக இருக்கிறது. அதனால்தான் இன்று அந்தக் கொரோனா நாட்களுக்கு உங்களைக் கொஞ்ச நேரம் கூட்டிப் போகிறேன்.

லேவியர் 13-இல் நமக்கு இன்று வாசிக்கப்படாத வரிகள் இருக்கின்றன. வீட்டுக்குப் போய்த் திருவிவிலியத்தை எடுத்துப் பாருங்கள். ஒருவர் தோலில் படை தெரிந்தால் குரு முதலில் அதைப் பார்த்துச் சோதிக்க வேண்டும். நோய் என்னவென்று உறுதியாகத் தெரியாவிட்டால் ஏழு நாள் அவரைத் தனியே வைக்க வேண்டும். ஏழாம் நாள் குரு திரும்பவும் பார்க்க வேண்டும். அப்போதும் தெளிவில்லை என்றால் இன்னொரு ஏழு நாள். ஆக மொத்தம் பதினான்கு நாள். நமக்குச் சுகாதாரத் துறையினர் சொன்ன அதே கணக்கு! அடுத்த அதிகாரத்தில் இன்னொன்று வருகிறது. பாளையத்துக்கு வெளியே இருப்பவர் குணமாகிவிட்டாரா என்று பார்க்க, குருவே பாளையத்தைவிட்டு வெளியே நடந்து போக வேண்டும். நோயாளி உள்ளே வரக் கூடாது, ஆனால் குரு வெளியே போயாக வேண்டும்.

இந்தச் சட்டத்தைக் கொடுமையான சட்டம் என்றே நாம் நினைத்துப் பழகிவிட்டோம். அதில் கடுமை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் மருந்து இல்லாத காலத்தில், கூடாரங்கள் நெருங்கி நெருங்கி நின்ற இடத்தில், ஒருவரைத் தள்ளி வைப்பது மற்றவர்களின் உயிரைக் காக்கிற வழி. அந்த வழியைச் சொன்ன சட்டமே, தள்ளி வைத்தவரைப் போய்ப் பார்க்கிற கடமையையும் ஓர் ஆளின் மேல் வைத்தது. பிற்காலத்தில் மக்கள் முதல் பாதியை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். இரண்டாம் பாதி எங்கேயோ நழுவிப்போனது.

நம் ஊரில் என்ன நடந்தது? 2020 மார்ச் 22 ஞாயிறு ஊரடங்கு, அதோடு பயணிகள் ரயிலும் நின்றது. நம் ஸ்டேஷனில் சரக்கு ரயில் மட்டும் ஓடியது. 25-ஆம் தேதி முதல் நாடே வீட்டுக்குள். ஏப்ரல் 5 குருத்து ஞாயிறு வந்தது, 12-ஆம் தேதி உயிர்ப்புப் பெருவிழா வந்தது, இரண்டிலும் கோயிலில் நீங்கள் இல்லை. வெறும் பெஞ்சுகளைப் பார்த்துக்கொண்டு உயிர்ப்புப் பாடலைத் தொடங்குவது எப்படி இருக்கும் என்று, அந்த ஆண்டு பூசை வைத்த எந்தக் குருவைக் கேட்டாலும் சொல்வார். பிறகு மே மாதத் தொடக்கம். சென்னை கோயம்பேடு சந்தையில் மூட்டை தூக்கிப் பிழைத்த நம் பக்கத்துப் பிள்ளைகள் லாரி லாரியாக ஊர் திரும்பினார்கள். கடலூர் மாவட்டத்தில் ஒரே நாளில் நூறு பேருக்கு மேல் தொற்று என்று செய்தி வந்தபோது ஊர் ஊராகப் பயம் பரவியது. பள்ளிக்கூடங்களும் கல்லூரிகளும் முகாம்கள் ஆயின.

அந்தப் பிள்ளைகளைத் தனியே வைத்தது சரி. அதை நான் இன்றும் சொல்வேன். விருத்தாசலத்தில் செராமிக் கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்கள் நம் நடுவில் உண்டு. சூளைக்குள் சாமான் அடுக்கும்போது மெருகு பூசிய இரண்டு பொருளை ஒட்டவிட மாட்டீர்கள். ஒட்டிவிட்டால் சூட்டில் மெருகு உருகி ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும், இரண்டுமே பாழ். இடைவெளி விட்டுத்தான் வைப்பீர்கள். ஆனால் எல்லாம் ஒரே சூளையில் இருக்கும், ஒரே நெருப்பு எல்லாவற்றையும் சுற்றி வரும். அந்த மாதிரியான இடைவெளியில் அன்பு உண்டு. முகாமின் கேட்டுக்கு வெளியே தூக்குவாளியோடு வந்து நின்ற அம்மாக்கள், உள்ளே போகவில்லை, ஆனால் வந்தார்கள். கிராம சுகாதாரச் செவிலியர் வீடு வீடாக வந்து காய்ச்சல் பார்த்தார். தூய்மைப் பணியாளர்கள் யாரும் நுழையப் பயந்த தெருவில் பிளீச்சிங் பவுடர் தூவிக்கொண்டு நடந்தார்கள். லேவியர் நூல் குருவுக்குச் சொன்ன கடமையை அந்த நாளில் நம் ஊர்களில் செய்தவர்கள் அவர்கள்தான். அவர்களில் பலர் நம் கோயிலுக்கு வருகிறவர்கள் அல்ல. ஆண்டவர் அவர்களை அறிவார்.

இடைவெளி அன்பை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதையும் அதே ஆண்டில் நாம் பார்த்தோம். 2020 ஏப்ரல் 19, சென்னையில் நரம்பியல் அறுவை மருத்துவர் சைமன் ஹெர்குலிஸ் கொரோனாவில் இறந்தார். அவர் உடலைக் கீழ்ப்பாக்கம் கல்லறையில் அடக்கம் செய்ய விடவில்லை. வேலங்காடு மயானத்துக்குக் கொண்டு போனார்கள், அங்கே கூட்டம் சேர்ந்து கல்லால் அடித்தது. ஆம்புலன்ஸ் ஓட்டியவர்களின் மண்டை உடைந்தது. கடைசியில் இரவில், அவருடைய நண்பரான மருத்துவர் பிரதீப், தானே மண்வெட்டி பிடித்துக் குழியை மூடினார். எத்தனையோ பேரின் தலையைத் திறந்து உயிர் காத்த கைகள் அந்தக் குழியில் கிடந்தன. கல் எறிந்தவர்களும் பயந்த மனிதர்கள்தான், நம்மைப் போன்றவர்கள்தான். பயம் வந்த மனிதன் எவ்வளவு தூரம் போவான் என்பதை அந்த இரவு காட்டியது. நாம் அங்கே இருந்திருந்தால் எந்தப் பக்கம் நின்றிருப்போம் என்று ஒவ்வொருவரும் கேட்டுக்கொள்ள வேண்டும். எனக்கும் அந்தக் கேள்வி உண்டு.

இப்போது மாற்கு நற்செய்திக்கு வருகிறேன்.

தொழுநோயாளி இயேசுவிடம் வந்ததே சட்டமீறல். வந்தவர் முழந்தாளிட்டார். விருப்பம் இருந்தால் உம்மால் முடியும் என்றார். இங்கே வரிசையைக் கவனியுங்கள். இயேசு முதலில் வார்த்தை சொல்லவில்லை. முதலில் கை நீட்டினார், தொட்டார், அப்புறம்தான் பேசினார். தொடாமலே அவர் குணமாக்கியிருக்க முடியும், நூற்றுவர் தலைவரின் ஊழியரைத் தூரத்திலிருந்தே குணமாக்கியவர் அல்லவா? ஆனால் இந்த மனிதனுக்கு இரண்டு நோய். தோலில் ஒன்று. எத்தனையோ காலமாக ஒரு மனிதக் கை தன்மேல் படாதது இன்னொன்று. இரண்டாவது நோய்க்குத் தூரத்திலிருந்து மருந்து கிடையாது.

தொட்டுக் குணமாக்கிய பிறகு, போய்க் குருவிடம் காட்டு என்றார். சுகாதார விதியை அவர் தூக்கி எறியவில்லை. ஊருக்குள் அவரைத் திரும்பச் சேர்க்கிற முறை அது, அந்த முறைப்படியே போகச் சொன்னார். நற்செய்தியின் கடைசி வரி என்னை எப்போதும் நிறுத்திவைக்கும். குணமான மனிதன் ஊருக்குள் போய் எல்லாரிடமும் பேசிக்கொண்டு திரிகிறான். இயேசுவோ அதன் பிறகு ஊருக்குள் வெளிப்படையாகப் போக முடியாமல் வெளியே தனிமையான இடங்களில் தங்குகிறார். அவன் நின்ற இடத்தில் இப்போது இவர் நிற்கிறார்.

இயேசுவின் இந்த இடமாற்றத்தை அப்படியே வாழ்ந்து காட்டியவர் புனித தமியான். பெல்ஜியத்தில் பிறந்தவர். 1873 மே 10 அன்று ஹவாய்த் தீவுகளில் மொலோக்காய் என்ற தீவுக்குப் போய்ச் சேர்ந்தார். தொழுநோய் வந்தவர்களை அரசாங்கம் கொண்டுபோய் இறக்கிவிட்டு வருகிற இடம் அது. ஒரு பக்கம் செங்குத்தான மலை, மற்றப் பக்கங்களில் கடல். அவர் அவர்களுக்கு வீடு கட்டினார், புண் கட்டினார், சவப்பெட்டி செய்தார், குழி வெட்டினார். இவையெல்லாம் நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். நான் சொல்ல வருவது வேறு. போய்ச் சேர்ந்த சில மாதங்களில் அவருக்கு ஒப்புரவு அருளடையாளம் பெற வேண்டும் என்ற தாகம் வந்தது. அவருடைய சபைத் தலைவர் கப்பலில் வந்தார். ஆனால் அவரைக் கரையில் இறங்க விடவில்லை, தமியானைக் கப்பலில் ஏறவும் விடவில்லை. தமியான் ஒரு சிறு படகில் கப்பலுக்குப் பக்கத்தில் போனார். கப்பலின் தளத்தில் நின்றவரைப் பார்த்து, மற்றவர்கள் காதில் விழுவதைப் பற்றிக் கவலைப்படாமல், பிரெஞ்சு மொழியில் தன் பாவங்களை உரக்கச் சொன்னார். மேலே இருந்தபடியே அவர் பாவமன்னிப்புக் கொடுத்தார்.

அன்பர்களே, நோயாளிகளுக்காகத் தன்னையே கொடுத்த அந்தப் புனிதர், தன் ஆன்மாவைக் கவனிக்காமல் விடவில்லை. எனக்கு ஒரு சகோதரர் வேண்டும் என்று வெட்கப்படாமல் கத்தினார். வழி அடைத்திருந்தது, இருந்த வழியைப் பயன்படுத்தினார். நீங்கள் செல்போனில் யூடியூப் வழியாகப் பூசை கண்ட நாட்களும், நன்மை வாங்க முடியாமல் மனத்தால் ஆண்டவரை வரவேற்ற நாட்களும் அந்தப் படகைச் சேர்ந்தவைதான். அவற்றைக் குறைவாக நினைக்காதீர்கள். அதே சமயம், கரைக்கு வர அனுமதி கிடைத்த பிறகும் படகிலேயே இருந்துவிடக் கூடாது. 2020 செப்டம்பர் 1 அன்று கோயில்கள் திறந்தன, இரண்டாம் அலையில் மூடின, மறுபடி திறந்தன. இன்னும் செல்போனிலேயே பூசை பார்க்கிறவர்கள் நம் பங்கில் உண்டு. படுக்கையில் இருப்பவர்களைச் சொல்லவில்லை. நடக்கக் கூடியவர்களைச் சொல்கிறேன். அவர்களைக் குறை சொல்வதற்காகவும் இதைச் சொல்லவில்லை. அவர்கள் வீட்டுக் கதவை நம்மில் யாரும் தட்டவில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

தொழுநோயைப் பற்றி இன்னொரு செய்தி. மருத்துவர் பால் பிராண்ட் 1914-இல் நம் கொல்லிமலையில், மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்தவர். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தவர். விரல்கள் ஏன் குறைந்துபோகின்றன என்று அவர் தேடிப் பார்த்தார். சதை தானாக அழுகி விழுவதாகத்தான் அதுவரை பலரும் நினைத்தார்கள். அவர் கண்டது வேறு. நரம்பு மரத்துப்போனதால் வலி தெரியவில்லை. வலி தெரியாததால் சுடுகிற பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டே இருக்கிறார்கள், காலில் முள் ஏறினாலும் நடந்துகொண்டே இருக்கிறார்கள். காயத்தின் மேல் காயம் பட்டு விரல் போகிறது. அதனால் இன்றும் அந்த நோய் வந்தவர்களுக்குச் சொல்லித் தரும் முதல் பாடம் இதுதான்: தினமும் உட்கார்ந்து உன் கையையும் காலையும் நீயே கண்ணால் பார், தண்ணீரில் ஊறவை, எண்ணெய் தடவு. இந்த நோய்க்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவச மாத்திரை உண்டு, முழுதாகக் குணமாகும். தோலில் உணர்ச்சி இல்லாத தேமல் இருந்தால் மறைக்காதீர்கள்.

நீண்ட நாள் அடைபட்டுக் கிடந்தால் மனமும் அப்படி மரத்துப்போகும். எத்தனை பேர் கொரோனாக் காலத்தில் அப்பாவையோ அம்மாவையோ இழந்தீர்கள்! முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை, பாலிதீனில் சுற்றிக் கொடுத்தார்கள், பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. ஒப்பாரி இல்லை, முப்பதாம் நாள் பூசைக்குச் சொந்தபந்தம் இல்லை. அப்புறம் வேலைக்குப் போக வேண்டியிருந்தது, ஆலைக்குக் கரும்பு வெட்ட வேண்டியிருந்தது, கடன் கட்ட வேண்டியிருந்தது. அழுகையை ஒத்திவைத்தீர்கள். இன்றைக்கும் அது உள்ளே இருக்கிறது. தூக்கம் வரவில்லை, சின்ன விஷயத்துக்குக் கோபம் வருகிறது, மாலையானால் குடிக்கத் தோன்றுகிறது, எதிலும் பிடிப்பில்லை என்றால், உங்கள் நம்பிக்கை குறைந்துவிட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது காயம். இரவு படுக்கும் முன் ஐந்து நிமிடம் ஆண்டவர் முன்னால் உட்கார்ந்து, இன்றைக்கு எனக்கு எங்கே வலித்தது என்று பாருங்கள். ஆன்மச் சோதனை என்று நமக்குச் சின்ன வயதில் கற்றுக் கொடுத்ததில் இதுவும் அடங்கும். பாவத்தை மட்டும் எண்ணுவது போதாது.

தன்னைக் கவனித்துக்கொள்வது சுயநலம் என்று நம் பெண்களுக்கு யாரோ சொல்லிவைத்திருக்கிறார்கள். ஊரடங்கு நாட்களில் வீட்டில் எல்லாரும் இருந்தார்கள், அடுப்பு மட்டும் அணையவே இல்லை. அம்மாக்கள் கடைசியில் சாப்பிட்டார்கள், மிச்சமிருந்தால். எலியா இறைவாக்கினரின் கதையை அவர்களுக்காகவே சொல்கிறேன். அரசி ஈசபேலுக்குப் பயந்து பாலைநிலத்தில் ஓடி, ஒரு சூரைச்செடியின் கீழ் விழுந்து, போதும் ஆண்டவரே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று கேட்டார். கடவுள் அவரைக் கண்டிக்கவில்லை. தூங்கவிட்டார். தூதர் ஒருவர் வந்து தட்டி எழுப்பி, சுடச்சுட அப்பமும் தண்ணீரும் கொடுத்தார். சாப்பிட்டுவிட்டு மறுபடி படுத்தார். தூதர் இரண்டாம் முறையும் வந்து சாப்பிடு என்றார், பயணம் நீண்டது என்றார். ஓரேபு மலையில் கடவுளின் குரலைக் கேட்பதற்கு முன்னால் எலியாவுக்குக் கிடைத்தது இரண்டு வேளைச் சாப்பாடும் நல்ல தூக்கமும். பெரிய வெளிப்பாடுகள் அதற்கு அப்புறம்தான்.

பவுலைப் பாருங்கள். சிறையில் இருந்து திமொத்தேயுவுக்கு எழுதும் இரண்டாம் கடிதத்தின் கடைசியில், லூக்கா மட்டும்தான் கூட இருக்கிறார் என்கிறார். சீக்கிரம் வா என்கிறார். வரும்போது மாற்கைக் கூட்டி வா, துரோவாவில் விட்டுவந்த என் போர்வையை எடுத்து வா, நூல்களையும் கொண்டு வா, குளிர்காலத்துக்கு முன்னால் வந்துவிடு. உலகத்தையே கலக்கிய திருத்தூதர், குளிருகிறது, போர்வை வேண்டும் என்று எழுதுகிறார்! அதற்குப் பதில் எல்லாம் நலம் என்று ஒற்றை வரி எழுதியிருக்கலாம். நம் பெரியவர்கள் அதைத்தான் செய்கிறார்கள். சிங்கப்பூரில் இருந்து, திருப்பூரில் இருந்து மகன் போன் செய்தால், நல்லா இருக்கேன்யா, நீ உடம்பைப் பாத்துக்கோ என்று வைத்துவிடுகிறார்கள். அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி, உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்: போர்வை வேண்டும் என்றால் போர்வை வேண்டும் என்று சொல்லுங்கள். பேச ஆள் இல்லை என்றால் அதையும் சொல்லுங்கள். பிள்ளைகளே, அவர்கள் சொல்லாவிட்டாலும் இரண்டாவது முறை கேளுங்கள். முதல் பதில் பெரும்பாலும் உண்மையாக இருக்காது.

இன்று உலக நோயாளர் நாள். 1858-இல் இதே தேதியில் லூர்து நகரில் பெர்னதெத் என்ற பெண்ணுக்கு அன்னை மரியா காட்சி கொடுத்தாள். பெர்னதெத் அதற்கு மூன்று ஆண்டு முன்பு காலரா கொள்ளைநோயில் விழுந்து பிழைத்த பிள்ளை, அதன் பிறகு மூச்சிரைப்போடு வாழ்ந்தவள். பழைய சிறை அறை ஒன்றில் அவள் குடும்பம் குடியிருந்தது. மனிதர் தனியாக இருப்பது நல்லதல்ல என்ற தொடக்கநூலின் சொல்லைத்தான் திருத்தந்தை பிரான்சிஸ் 2024-ஆம் ஆண்டு நோயாளர் நாளுக்குப் பொருளாகத் தந்தார். உறவைக் குணமாக்குவதன் வழியாக நோயாளரைக் குணமாக்கச் சொன்னார். 2020 மார்ச் 27 மாலை, மழையில், ஆள் இல்லாத பேதுரு சதுக்கத்தில் ஒற்றை ஆளாக நின்று உலகத்துக்கு ஆசி கொடுத்தவர் அவர். தனிமை எப்படி இருக்கும் என்பதைத் தெரிந்துதான் எழுதினார்.

புதன்கிழமை திருநீற்றுப் புதன், தவக்காலம் தொடங்குகிறது. இந்தத் தவக்காலத்துக்கு நம் பங்கில் ஒரே ஒரு வேலை. ஒவ்வோர் அன்பியமும் தன் தெருவில் கொரோனாவுக்குப் பிறகு கோயிலுக்கு வராதவர்கள், தனியாக வாழ்பவர்கள், படுக்கையில் இருப்பவர்கள் யார் யார் என்று பெயர் எழுதுங்கள். கத்தோலிக்கர் மட்டும் என்று பார்க்க வேண்டாம், தெருவில் இருப்பவர் எல்லாரும் நம் ஆட்கள். ஏழு நாளுக்கு ஒருமுறை யாராவது ஒருவர் அந்த வீட்டுக்குப் போக வேண்டும். செபம் சொல்லிக் கொடுக்கப் போகாதீர்கள், முதலில் உட்கார்ந்து கேளுங்கள். மரியாயின் சேனையினர் ஏற்கெனவே இதைச் செய்கிறீர்கள், இளையோரையும் உடன் அழைத்துப் போங்கள். செல்போனை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு ஒரு பாட்டியின் பழைய கதையைக் கேட்கிற வேலை கொடுத்தால், குணமாகப்போவது பாட்டி மட்டுமாக இருக்காது.

யாராவது உயிரையே விட்டுவிடலாம் என்ற எண்ணத்தில் இருப்பதாகத் தெரிந்தால் அவரைத் தனியே விடாதீர்கள். அறிவுரை சொல்லாதீர்கள், பக்கத்தில் இருங்கள். அரசின் 104-ஐ அழைக்கலாம், மனநல உதவிக்கு 14416 எண் உண்டு, இரவு எந்நேரமானாலும் எடுப்பார்கள். அங்கே போன் செய்வதில் வெட்கம் ஒன்றுமில்லை. பங்கு இல்லத்துக் கதவையும் தட்டுங்கள், அது பூட்டியிருக்காது.

இப்போது நோயில்பூசுதல் அருளடையாளம் பெற இருப்பவர்கள் முன்வரிசைக்கு வாருங்கள். எழுந்திருக்க முடியாதவர்கள் இருந்த இடத்திலேயே கையை உயர்த்துங்கள், நான் அங்கே வருகிறேன். அவர்களோடு வந்திருக்கும் குடும்பத்தார், நான் நெற்றியிலும் கைகளிலும் எண்ணெய் பூசும்போது அவர்கள் தோளில் உங்கள் கையை வையுங்கள். துணைக்கு யாரும் வராதவர்களுக்குப் பக்கத்து பெஞ்சில் இருப்பவர் எழுந்து போய்த் துணை நில்லுங்கள்.